வலப்பக்கத்து இருக்கை

அன்புள்ள டெல்சிக்கு,

எனக்குப் பெரிய பதவி கிடைத்திருக்கிறது. அம்மாவிடம் சொல், சந்தோஷப்படட்டும்.

ஷேக்கின் வலப்பக்கம் உட்கார்ந்து யோசனை சொல்லும் சலீமைப் பற்றி எழுதியிருந்தேனே, டிரைவராக வந்து மந்திரிகளையே காக்கவைத்தவர். பெருநாளுக்குப் பிறகு அவரைக் காணவில்லை. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஷேக் ஆட்களைச் சந்திக்கும் மஜ்லிஸில் அவருடைய காலி இருக்கைக்கு முன்னால் தினமும் காபி ஊற்றி வைத்தார்கள். சலீமைக் கவிழ்க்கப் பார்த்த, ஷேக்கின் தம்பியுடைய ஆட்களே முதலில் வந்து அந்த இருக்கைக்கு ஸலாம் சொன்னார்கள்.

இன்று காலை நான் ஷேக்குக்கு இன்சுலின் ஊசி போட்டு முடித்ததும் அவர் அந்த இருக்கையைக் காட்டி, "இனி இது உன் இடம்" என்றார். நர்ஸுக்கு அங்கே என்ன வேலை? உட்கார்ந்தேன். தம்பியின் ஆட்கள் வரிசையாக வந்து ஸலாம் சொன்னார்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

காபி ஊற்றுகிறவன் நம்ம குளச்சல் ஞானசிங்தான். போதும் என்றால் இங்கே கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டவேண்டும். ஆட்டினேன். மறுபடியும் ஊற்றினான். மறுபடியும் ஆட்டினேன்.

அவன் குனிந்து, "ஆட்டாதீங்க அண்ணா. சலீமும் கடைசியா இப்படித்தான் ஆட்டுனாவ" என்றான்.

உனக்கும் பிள்ளைக்கும் விசா எடுத்துத் தருவதாக ஷேக் சொல்கிறார். யார் போன் செய்து கேட்டாலும், எங்கள் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று சொல். நானே கேட்டாலும் அப்படியே சொல்.

ஜெபத்தில் நினைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்