வாளியை உதைத்த பெண்

என் வீட்டுக்காரிக்கு, நான் சுகம். உன் மூச்சிரைப்பு தேவலையா? இது என் கையெழுத்தேதான்! ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

நான் தரை துடைக்கும் இளைஞர் மையத்தில் நேற்று ஒரு சின்னப் பெண் கோபத்தில் என் வாளியை உதைத்தாள். வழுக்கி உட்கார்ந்தேன், அடியில்லை. இளைஞர் பணி மேல்படிப்புக்காக அங்கே பயிற்சி எடுக்கும் மாணவி அவளைத் திட்டவில்லை. ஈரத்தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, "வீட்டுக்குப் போகவே பயமா இருக்குக்கா" என்று அந்தப் பெண் அழுதாள்.

நம் மகள் கேட்பதும் இந்தப் படிப்பைத்தான். "பசங்களோட கேரம் ஆட மேல்படிப்பு எதுக்கு?" என்றாயே, இதற்குத்தான். சேரட்டும். இந்த வருடம் வருவதாகச் சொன்னேன். அவள் முடித்த பிறகு வருகிறேன். உடம்புதான் அசந்துபோகிறது. முட்டிக்குத் தைலம் அனுப்பு. பதிலைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்.

இதை அவள்தானே உனக்கு வாசிக்கிறாள்? குரல் கம்மினால் தண்ணீர் கொடு.

இப்படிக்கு,
இனி கைநாட்டு வைக்காத உன் வீட்டுக்காரன்