இரண்டு பக்கத்துக்கும் ஒரே சுருதி

“எல்லாக் கம்பியும் ஒரே சுருதியில பாடுது, கேளேன்.”

“வயலின் வாத்தியாருக்கு என் ஸ்பேனர் எதுக்கு?”

நேற்று நீங்கள் சக்கரத்தைத் தட்டிக் காட்டியபோது அப்படி எரிந்து விழுந்தேனே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. நீங்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டீர்கள். இப்போது எழுப்பினால் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால் எழுதிவிட்டு என் சைக்கிள் கடைக்குக் கிளம்புகிறேன்.

சைக்கிளின் பின் சக்கரத்தில் கியர் இருக்கும் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பிகள் இறுக்கமாகவும், மறுபக்கம் அதைவிடத் தளர்வாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் ரிம் நடுவில் நிற்கும். அதற்குச் சுருதியே இரண்டு, வாத்தியாரே. நீங்கள் கியர் இல்லாத இடப்பக்கத்தையும் முறுக்கி ஒன்றாக்கியதில், ரிம் ஒரு பக்கமாக இழுத்து பிரேக் கட்டையில் உரசுகிறது. இறக்கத்தில் போகும்போது அந்த இறுக்கத்தில் ரிம் விரிசல் விட்டால் என்ன ஆவது?

மாலையில் வந்து சரிசெய்கிறேன். அதுவரை ஓட்ட வேண்டாம். பூட்டுச் சாவியை ஒளித்து வைக்கத்தான் நினைத்தேன். சின்னப் பிள்ளையா நீங்கள்? ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

பி.கு. வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். போன வருடம் நீங்கள் அந்த இறக்கத்தில் விழுந்ததிலிருந்து, வாராவாரம் உங்கள் சக்கரத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன். எல்லாம் பயத்தில்தான். கேட்க நினைத்ததைக் கேட்க வாய் வரவில்லை. இனிமேல் அந்தப் பாதையில் தனியாகப் போகாதீர்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்.