தேதி திருத்தமும் உன் தம்பியும்

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி மட்டுப்பட்டதா?

ராணுவத்தில் பதவி உயர்வுக்கு என் முறை வந்தபோது எங்கள் முகாமில் கட்டாயப் பயிற்சியை நடத்தவேயில்லை. அதனால் என் சார்ஜென்ட் பதவி தள்ளிப்போனது. வேறு முகாமில் பயிற்சி முடித்த உன் தம்பி என்னை முந்திக்கொண்டான். அது என் குற்றமல்ல என்று ராணுவ அலுவலகத்தில் இப்போதுதான் ஒப்புக்கொண்டு, என் பதவித் தேதியை அவன் தேதிக்கும் முன்னதாக மாற்றியிருக்கிறார்கள்.

நாங்கள் இருவரும் இப்போது வேலை பார்க்கும் இந்தக் கிடங்கின் காவலர்கள் எல்லோரும் முன்னாள் ராணுவத்தினர். ராணுவப் பதவியில் மூத்தவனே இங்கே தலைமைக் காவலன். இதுவரை உன் தம்பி, இனி நான். "அத்தான், கேட்டுக்குப் போங்க. வெயில் உடம்புக்கு நல்லது" என்று சிரிப்பானே, நேற்று அவனை அங்கே நிறுத்தினேன்.

"என்ன அத்தான், பழிவாங்குறீங்களா?"

"ஆமாண்டா மச்சான்."

அப்படியே சொல்லிவிட்டேன். செய்தது சரிதானா என்று இரவெல்லாம் யோசித்தேன். சரிதான். உன்னிடம் போனில் அழுவான், இரங்காதே.

ஒரு சீட்டுக்கட்டு அனுப்பு. ஒருவரே ஆடக்கூடிய ஆட்டம் ஏதாவது உண்டா என்று மகளைக் கேட்டு எழுது. நேற்றிலிருந்து உன் தம்பி என்னோடு ஆட வருவதில்லை.

பணி மாற்றும் மணி அடித்துவிட்டது. நிழல் கேட்டு அவனாக வரும்வரை நான் கூப்பிடமாட்டேன்.

உன் கணவன்