நான் அனுப்பிய இரண்டு டப்பாக்கள்

அன்பில் என்றும் குறையாத தங்கைக்கு, நீயும் மகளும் நலமாயிருப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன் உன் அக்கா வரைவது.

உன் கடிதம் கிடைத்தது. மகள் விளக்கைப் பார்த்தால் கண் கொட்டாமல் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தாய், மகிழ்ந்தேன். பால் போதவில்லையோ என்ற கவலையை மட்டும் கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தாய். தொலைபேசியில் நான் அளித்த பதில் உனக்கு நினைவிருக்கும். "நம்ம குடும்பத்துல யாருக்குமே பால் நிக்காதுடி, டப்பாப் பாலைக் குடு" என்றேன். அதோடு நில்லாமல், உன் ஊருக்குப் புறப்பட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு பால்மாவு டப்பாக்களையும் கொடுத்தனுப்பினேன். அந்தப் பதிலைத் திரும்பப் பெறுவதே இக்கடிதத்தின் நோக்கம்.

பதினேழு ஆண்டுகளாகப் பிரசவ வார்டில் ஆயாவாக இருக்கும் என் இடுப்பில்தான் பால்மாவு அலமாரியின் சாவி தொங்கிற்று என்பதை அறிவாய். சென்ற மாதம், தாய்ப்பாலூட்டக் கற்பிப்பதற்கென்றே ஒரு நர்ஸை நியமித்தார்கள். வார்டில் அவருக்குப் பெயர் பால் சிஸ்டர். டாக்டர் எழுதித் தந்தாலன்றி அலமாரி திறக்கப்படாது என்று கூறி முதல் நாளே சாவியை வாங்கிக்கொண்டார். என் மகன் வயதுடையவர். எனக்கு ஏற்பட்ட மனவருத்தத்தை விவரிக்கத் தேவையில்லை.

ஆகவே கடையில் வாங்கிய ஒரு டப்பாவைத் துணி மூட்டைகளுக்கிடையே ஒளித்து வைத்தேன். நான்காம் கட்டிலில் தலைப்பிரசவக்காரி ஒருத்தி. இரண்டு நாள் குழந்தை கத்திற்று. அவளுடைய மாமியார், "பச்சப் புள்ள தொண்ட வறண்டு கத்துது, உங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள். நான் பாட்டிலில் கலக்கிக் கொடுத்தேன். குழந்தை உறங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் அது மார்பில் வாய் வைக்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாய்க்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. "என்கிட்ட பாலே இல்ல போல சிஸ்டர்" என்று அவள் அழுதாளேயன்றி, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது தாளாமல் நானே சிஸ்டரிடம் ஒப்புக்கொண்டேன்.

சிஸ்டர் ஏசவில்லை. "இறைக்கிற கிணறுதான் ஆயாம்மா ஊறும். குடிக்கக் குடிக்கத்தான் பால் வரும். வாங்க, தலகாணியைப் பிடிங்க" என்றார். அந்தப் பழமொழியை என் குறிப்பேட்டில் முத்து முத்தாக எழுதி வைத்திருப்பவள் நான்; அதன் பொருள் இங்கே இருக்கிறது என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

தாயின் வெறும் மார்பில் குழந்தையைப் படுக்கவைத்தார். கையால் பீய்ச்சிய பாலைச் சிறு கரண்டியில் புகட்டினார். வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பு மட்டுமன்றிக் கருவட்டமும் வாய்க்குள் போகுமாறு, தாடை மார்பில் படுமாறு பிடித்தார். ஒன்றரை நாள் இதே வேலை. இரண்டாம் நாள் பிற்பகல் குழந்தை மார்பைப் பற்றிக்கொண்டது. குனிந்து கேட்டேன். க்ளுக், க்ளுக் என்று விழுங்கும் ஓசை. பதினேழு ஆண்டுகள் அந்த வார்டைப் பெருக்கியும் அவ்வோசையை நான் நின்று கேட்டதில்லை.

தங்கையே, பால் நிற்காதது நம் குடும்ப வழக்கமன்று. நம் அருகில் அமர்ந்து யாரும் காட்டித் தரவில்லை, அவ்வளவே. என் மகனுக்குப் பத்தாம் நாளே நிறுத்தியவள் நான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

டப்பாவைத் திறந்துவிட்டிருந்தால் மனம் கலங்காதே, குற்றம் என்னுடையது. டப்பாப் பாலைத் திடீரென்று நிறுத்தியும் விடாதே. உங்கள் தெருமுனைக் கிளினிக்கில் தாய்மார்களுக்கென்று ஒரு நர்ஸ் இருப்பதாக நீயே எழுதியிருந்தாய். நாளைக் காலையே மகளைத் தூக்கிக்கொண்டு போ. எடை பார்க்கச் சொல். மகள் ஒரு நாளில் எத்தனை துணி நனைக்கிறாள் என்பதைச் சொல். உன் அருகில் அமர்ந்து, நீ பாலூட்டுவதைப் பார்க்கச் சொல். வெட்கப்படாதே. அக்கா சொல்லி வந்தேன் என்று மட்டும் சொல்லாதே. அக்கா பேச்சைக் கேட்டது ஒருமுறை போதும்.

சாவி இப்போதும் சிஸ்டரிடமே இருக்கிறது. நான் கேட்கவில்லை.

நீயும் மகளும் நிறைவுடன் நெடுநாள் வாழ்க. நீண்ட பதில் வேண்டாம். குனிந்து கேட்டுவிட்டு, அந்த ஓசை வருகிறது என்று ஒரே ஒரு வரி எழுது. பொடி எழுத்தில் வேண்டாம்.

இங்ஙனம்,
உன் நலமே நாடும் அக்கா