தம்பியின் நாய்களுக்கு நான் திருடி

ஜனவரி 12, ஞாயிறு

இன்றும் திருடப் போனேன். மரக்கிடங்கின் பக்கக் கதவைத் திறந்து, ஆணியில் தொங்கும் கயிற்றுச் சுருளைக் கழற்றியதுதான் தாமதம், முரசு வந்துவிட்டான். குரைத்தான். குறுக்கே நின்று வழியை மறித்தான். நான் விலகி நடக்கப் பார்த்ததும் இடது கையைக் கவ்விக்கொண்டான். கோணியும் பஞ்சும் வைத்து நானே தைத்த கோட்டுதான். ஒரு பல்கூட உள்ளே இறங்கவில்லை. இறங்கக் கூடாது. தடுக்க வேண்டும், கிழிக்கக் கூடாது. தம்பி உருவாக்கும் இனத்துக்கு அதுதான் சட்டம்.

முரசுக்கு ஏழு வயது. முகவாய் நரைத்துவிட்டது. அவன் மூச்சு சூடாக என் மணிக்கட்டில் பட்டது. அந்தக் காதுக்குப் பின்னால் ஒரே ஒரு தடவை சொறிந்துவிட்டால் என்ன?

கூடாது. திருடியின் கையிலிருந்து நாய்க்கு ஒரு அன்பும் போகக் கூடாது, சோதனை கெட்டுவிடும். பதினோரு வருடமாக இந்த உத்தியோகம். நாய்ப் பித்துப் பிடித்தவள் நான், இந்தக் கிடங்கில் ஒரு நாயைக்கூடத் தடவியதில்லை. தம்பி மனைவி என் கண் முன்னாலேயே அதுகளைக் கொஞ்சுகிறாள். வயிறு எரிகிறது.

ஜனவரி 26, ஞாயிறு

நாய் இனச் சங்கத்திலிருந்து கடிதம். ஜூலை 20 பார்வையிட வருகிறார்களாம். இந்த இனம் உருவான வரலாற்றை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பியின் கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்பதால் அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் கிடங்கில் ஒரு கடிநாய் இருந்தது. மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த ஒரு மனிதரைக் குதறிவிட்டது. மூன்று விரல்கள் போயின. அப்போது தம்பிதான் காவலாளி. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை அவனுக்கு. அதன் பிறகுதான் தேட ஆரம்பித்தான். மந்தை மேய்ப்பவரிடமிருந்து கலங்காமல் நிற்கும் ஒரு பெரிய நாய். கசாப்புக்காரரிடமிருந்து, ஓடும் மாட்டைக் காயப்படுத்தாமல் பிடிக்கும் ஒரு பெட்டை. எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குடியிருந்த தெருநாய் ஒன்று. இலை விழுந்தாலும் அதற்குக் கேட்கும். இந்த மூன்றும்தான் ஆதி.

முதல் ஈற்றில் ஒன்று கடித்தது, ஒன்று தூங்கியது, ஒன்று எனக்குக் கயிற்றை எடுத்தே கொடுத்தது. அதையும் எழுதட்டுமா என்றேன். முறைத்தான்.

தொடர்ந்து மூன்று தலைமுறை ஒரே குணமாக இருந்தால்தான் தனி இனம் என்று ஏற்பார்களாம். மூன்றாவதும் நான்காவதும் தேறிவிட்டன. ஐந்தாவது மேகம் என்ற பெட்டையின் வயிற்றில் இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்றுத்தான் தம்பி தன் மனைவியைப் பித்தப்பைக் கல்லுக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கூட்டிப்போனான். இன்று காலை மேகம் ஐந்து குட்டி போட்டாள். மதியம் அவள் உயிர் போய்விட்டது.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடுக்கணும். ஆள் இருக்காங்களா?"

இருக்காங்க என்றேன். யார் இருக்காங்க? நான்தான் இருக்கேன்.

திருடியின் கை பட்ட குட்டி பதிவேட்டில் ஏறாது என்பது தம்பி போட்ட சட்டம். கண்கூடத் திறக்காததுக்கு என்ன தெரியும்? போனில் அவன் கேட்டபோது, டாக்டரம்மாவின் ஆள் ஒருவர் வந்து பால் கொடுக்கிறார் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அடையாளத்துக்குக் கழுத்தில் தையல் நூல் கட்டியிருக்கிறேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, நீலம். நீலநூல்தான் எல்லாவற்றிலும் சின்னவள். குடித்து முடித்ததும் என் உள்ளங்கையிலேயே தூங்கிவிடுகிறாள். இறக்கி வைக்க மனசு வரவில்லை. ஐந்து நாளாகத் தையல் மிஷினைத் தொடவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

தம்பியும் மனைவியும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்கள். நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தெருவைத் தாண்டி என் தையல் கடைக்கு வந்துவிட்டேன். "பால் குடுத்த ஆளு தங்கமான மனுஷன் போல இருக்கேக்கா" என்கிறான் தம்பி. ஆமாம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

முதல் சோதனை. கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். கயிற்றைக் கழற்றினேன்.

ஐந்தும் ஓடி வந்தன. ஐந்தும் வாலாட்டின. நீலநூல் என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டாள்.

தம்பி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஜூன் 16, திங்கள்

நாலு மாசத்துக்கு முன்னாடி பத்து நாள். எப்படி ஞாபகம் வச்சிருக்குதுங்க?

ஜூன் 19, வியாழன்

தெருநாய் ரத்தம்தான் இளகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான் தம்பி. குட்டிகளுக்குக் கருத்தடை செய்து யாருக்காவது கொடுத்துவிடப் போகிறானாம். இனம் நிலைக்கவில்லை, பார்வையிட வர வேண்டாம் என்று சங்கத்துக்குக் கடிதமும் எழுதிவிட்டான். பன்னிரண்டு வருட உழைப்பு. திங்கட்கிழமை தபாலில் போட்டுவிடுவான்.

சொன்னால் என் முகத்தில் முழிப்பானா? சொல்லாவிட்டால் நான் எப்படி அவன் முகத்தில் முழிப்பது?

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிட்டேன்.

அவன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். கடிதம் தண்ணிச் செம்புக்கு அடியில இருந்துச்சு. "அந்த ஆளு நான்தான்டா"ன்னு சொன்னேன். முதல்ல அவனுக்குப் புரியல. புரிஞ்சதும் கையை உதறிட்டு எழுந்தான். "தெருநாய் ரத்தம் பொய் சொல்லுதுன்னு நான் நாயைக் குத்தம் சொல்லிட்டு இருந்தேன், பொய் சொன்னது நீயா?"ன்னு கேட்டான். எனக்கு அழுகை வந்துடுச்சு. சாகவிடச் சொல்றியாடா, அஞ்சையும் சாகவிடச் சொல்றியான்னு நானும் கத்திட்டேன்.

அப்புறம் வாசப்படியில் வந்து உட்கார்ந்தான். "பதினோரு வருஷமா ஒண்ணையும் தொடாம எப்படிக்கா இருந்தே?" என்றான்.

கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நடந்ததை நடந்தபடியே வரலாற்றில் சேர்த்து எழுதச் சொன்னான். எழுதினேன்.

ஜூன் 29, ஞாயிறு

புதுத் திருடர் தபால்காரர். கேட்டதும் சம்மதித்துவிட்டார். நாய்கள் தன்னை எப்படியும் திருடனாகத்தான் பார்க்கின்றனவாம்.

புதுக் கோட்டும் வேண்டும். என் வாசனை ஒட்டக் கூடாது என்பதால் நான் தைக்க முடியாது. தம்பி மனைவி தைக்கிறாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அவள் தையல் பாம்பு ஊர்ந்த மாதிரி போகிறது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "உங்களுக்கு வயிறு எரியுதா அண்ணி?" என்றாள் சிரித்துக்கொண்டே. எரிகிறதடி.

ஜூலை 20, ஞாயிறு

சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட அம்மாள்தான் தலைமை. வரலாற்றில் என்னைப் பற்றிய பக்கத்தை இரண்டு முறை படித்தார். என்னையும் சுவரோரம் நிற்கச் சொன்னார். நான் அங்கே இருந்தும் குட்டிகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டுமாம்.

ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார்கள். தபால்காரர் கயிற்றில் கை வைத்தார். சிவப்பு குரைத்து, மறித்து, குட்டைக் கையைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றது. மஞ்சளும் அப்படித்தான். பச்சையும், வெள்ளையும். ஒரு பல் இறங்கவில்லை. தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் அவன் கழுத்து சிவந்திருந்தது.

நீலநூல் கயிற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தபால்காரர் நகர்ந்ததும் என் முன்னால் வந்து குறுக்கே நின்றுகொண்டாள். அவர் கயிற்றோடு வெளியே போயே போய்விட்டார்.

"காக்க வேண்டியது கயிறு. இது ஆளைக் காக்குது" என்று அந்த அம்மாள் பெருக்கல் குறி போட்டார். "இனத்தை ஏத்துக்க நாலு போதும்" என்றும் சொன்னார்.

தம்பி அழுதான். நீலநூலின் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. சாயங்காலம் அவள் கழுத்து வாரை என் கையில் கொண்டுவந்து கொடுத்தது தம்பி மனைவி.

ஜூலை 24, வியாழன்

நீலநூலுக்கு என் மிஷினுக்கு அடியிலேயே படுக்கை. துணி வாங்க வருபவர்கள் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். பேரம் பேச யாருமில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தம்பி சாப்பிடக் கூப்பிட்டான். பக்கக் கதவை நோக்கித்தான் கால் போனது. "இந்தப் பக்கம் வாக்கா" என்று முன்வாசலில் இருந்து குரல் கொடுத்தான்.

உள்ளே கால் வைத்ததும் பெரிய நாய்கள் எல்லாம் திருடி வந்துவிட்டாள் என்று குரைத்தன. முரசு எழுந்து வந்தான். நீலநூல் எனக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றாள். குரைக்கவில்லை. சும்மா நின்றாள். முரசு அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மற்றவை ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

கோட்டு இல்லை. கையை நீட்டினேன். முரசு நெடுநேரம் மோந்து பார்த்தான்.

அவன் காதுக்குப் பின்னால் முடி இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.