மேசைக்கு ஒட்டிய சட்டை

ஐப்பசி 9, வியாழன்.

மகள் செல்வி மிக்சி மோட்டார் பழுது பார்க்கும் பலாமர மேசைமேல் மாலையில், மரம் அழுக்காகாமலிருக்க, ஹார்டுபோர்டு அட்டை பதித்தேன். அசையக்கூடாதென்று முழுக்கப் பசை தடவி ஒட்டினேன். தச்சர் காதர் பாய் வந்து தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சார், சட்டைய யாராச்சும் தோலோட வச்சு ஒட்டுவாகளா? கிரீஸ் ஊறிப்போனா எப்பிடிக் கழட்டுவீக? நாலு ஸ்க்ரூ போதுமே!"

வகுப்பில் ஆயிரம் உதாரணம் சொன்ன ஆசிரியர் நான், எனக்கே ஓர் உதாரணம் சொல்லிவிட்டார். பசை இறுகுமுன் பிரித்தால் அடியிலுள்ள பலாப்பலகை பிழைக்கும், விடிந்தால் சிராய் சிராயாகப் பிய்ந்து வரும் என்றார்.

அதற்குள் செல்வி வந்துவிட்டாள். "கண்ணாடி மாதிரி இருக்குப்பா!" என்று தடவித் தடவிப் பார்த்தாள். பிரிக்க வேண்டும் என்று சொல்ல மனமில்லாமல் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

அந்தப் பலாப்பலகை அவளே அலைந்து தேடி வாங்கியது. அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. பசை இறுகுமுன் பிரித்துவிடலாம் என்று போய்ச் சொல்லிவிடுகிறேன்.