டுசல்டோர்ஃபில் பார்த்த இத்தாலியப் படம்

1986 நவம்பர், ஞாயிறு இரவு. வுப்பர்டால், மேற்கு ஜெர்மனி.

அகதி விண்ணப்பம் முடியும்வரை இந்த நகர எல்லையைத் தாண்டக் கூடாது. தெரிந்தும் இன்று மத்தியானம் டுசல்டோர்ஃபுக்குப் போய் ஒரு பழைய இத்தாலியக் காதல் படம் பார்த்தேன். பொய் சொல்லிப் பிடிபட்டவனைக் காதலி செருப்போடு துரத்துகிறாள்; தெருவே ஜன்னலில் நின்று அவனுக்காகக் கெஞ்சுகிறது. இங்கு வந்த பிறகு இப்படிச் சிரித்ததில்லை.

விளக்கைப் போட்டார்கள். முன்வரிசையில் எழுந்து திரும்பியவள், எனக்கு விசா நீட்டித் தரும் அதிகாரி. என்னைக் கண்டதும் முகம் வெளுத்து, வெளியே போய்விட்டாள்.

அறைக்கு வந்து, என்னோடு தங்கியிருக்கும் சிவம் அண்ணையிடம் சொன்னேன்.

"விசர் வேலை பாத்திருக்கிறாய். நாளைக்கு அவவிட்டைத்தானே உனக்கு டெர்மின்?"

"ஓம் அண்ணை. பத்து மணிக்கு வரச்சொல்லியிருக்கிறா."

"நீ எல்லை தாண்டினதை அவ எழுதிக் குடுத்தால் உன்ரை கதை முடிஞ்சுது."

அவர் தூங்கிவிட்டார். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் அவள் பக்கத்தில் நின்றவரின் கையைச் சட்டென்று விட்டாள். அவளுடைய அலுவலக மேசையில் கணவரின் போட்டோ இருக்கிறது. இவர் அவரல்ல.

படமாக இருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பேன். நாளை என் கண் அந்தப் போட்டோவின் பக்கம் போகவே கூடாது.